செவ்வாய், சனி படமெல்லாம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சதாமே? விவரம் தெரிஞ்சவங்க வாங்க

கொக்கிரகுளத்தான்:

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரு வீடியோ சுத்திக்கிட்டிருக்கு. நாசா, இஸ்ரோ வெளியிடுத கோள் படம் ஒண்ணுகூட நிஜம் கிடையாதாம். அதுல சொல்லுதத சுருக்கிக் கீழ போடுதேன்.

பூமி படம் 2002-ல ஒரு மாதிரி, 2012-ல வேற மாதிரி. ஒண்ணுல அமெரிக்கா சின்னது, இன்னொண்ணுல பாதி உருண்டைய அடைச்சிருக்கு. நாசா ஆளே போட்டோஷாப்னு ஒத்துக்கிட்டாராம். செவ்வாய் வானம் ஒரு படத்துல நீலம், இன்னொரு படத்துல செம்மண் நிறம். எதுலயும் நட்சத்திரம் இல்ல. பூமி படத்துல வெளிச்சத்தக் கூட்டிப் பாத்தா சுத்திவர கட்டம் தெரியுதாம், வெட்டி ஒட்டுனதுக்கு அதான் தடயமாம். சந்திரயான் இறங்கும்போது டிவில காட்டினது கார்ட்டூனாம்.

அனுப்பினது எங்க பெரிய மாமா. ரிட்டயர்டு தாசில்தார், லேசுல ஏமாறுத ஆள் கிடையாது. "படிச்ச பிள்ளைகள் பதில் சொல்லுங்க"ன்னு கீழ எழுதியிருக்காவ. வதந்தி மாமான்னு ஒத்த வார்த்தைல சொன்னா எடுபடாது. ஒவ்வொண்ணுக்கும் ஆதாரத்தோட பதில் வேணும்.

பாளை ஸ்டுடியோ:

தம்பி, ராக்கெட் எனக்குத் தெரியாது. போட்டோ சமாச்சாரம் தெரியும், ரோல் பிலிம் காலத்துலேருந்து ஸ்டுடியோ வச்சிருக்கேன்.

நட்சத்திரம் ஏன் இல்லங்கதுக்கு ரெண்டு வரி போதும். வெயில் விழுத பாறைய எடுக்கணும்னா ஷட்டர் கண்ணிமைக்கதுக்குள்ள திறந்து மூடிரும். அந்த நேரத்துல நட்சத்திர வெளிச்சம் பதியாது. நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழால ராத்திரி சீரியல் லைட் போட்ட கோபுரத்த எடுத்துப் பாருங்க, பின்னால வானம் வெறும் கறுப்பாத்தான் வரும். அதுக்காக திருநெல்வேலிக்கு மேல நட்சத்திரம் இல்லன்னு யாரும் சொல்லுதாங்களா?

அமெரிக்கா சைசு விஷயம் ருசியானது. இப்பல்லாம் பாதிப்பேர் செல்பிய அனுப்பி, "இதையே பாஸ்போர்ட் சைசுல போட்டுக் குடுங்க"ன்னு கேக்காங்க. கைநீட்டுத் தூரத்துல எடுத்த மூஞ்சில மூக்கு புடைச்சு நிக்கும், காது பின்னால ஒளிஞ்சுக்கிடும். அதே ஆள ஆறடி தள்ளி உக்கார வச்சு எடுத்தா மூக்கு அடங்கிரும், காது ரெண்டும் வந்துரும். மாறினது தூரம் மட்டும்தான். 2012 படம் பூமிக்கு ரொம்பக் கிட்டத்துலேருந்து பாக்க மாதிரி அமைச்சது. கிட்ட இருந்து பாத்தா உருண்டைல கொஞ்ச பாகம்தான் கண்ணுக்கு வரும், அந்தக் கொஞ்சமே வட்டம் பூரா நிறைஞ்சுரும். வட அமெரிக்கா பெரிசா நிக்கதுக்கு அதான் காரணம்.

சங்கரன்கோயில் சந்தேகம்:

"அமைச்சது"ன்னு நீங்களே சொல்லிட்டியளே அண்ணாச்சி. எடுத்ததுன்னா படம், அமைச்சதுன்னா ஓவியம். நான் பூமி தட்டைன்னு சொல்லுத கூட்டம் கிடையாது. ஆனா பொதுமக்கள் காசுல பறக்குத கேமரா நேரா ஒரு படம் எடுத்துக் குடுக்க முடியாதான்னு கேக்கேன்.

அம்பை டீச்சர்:

நியாயமான கேள்வி. 2002 படம் அமைத்ததுதான், அதை யாரும் மறைக்கவில்லை. அதற்கான தரவு பெரும்பாலும் டெர்ரா என்ற செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவியிலிருந்து வந்தது. டெர்ரா பறந்த உயரம் ஏறத்தாழ 705 கி.மீ. பூமியின் விட்டமோ 12,700 கி.மீ.க்கு மேல். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு முழு உருண்டையையும் ஒரே சட்டகத்தில் பிடிக்க வழியே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பட்டையாகப் பதிவு செய்து, மேகம் இல்லாத பகுதிகளைப் பல நாள் படங்களிலிருந்து சேர்த்து, உருண்டைமேல் பொருத்தினார்கள். அதைச் செய்த ராபர்ட் சிம்மன் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னதைத்தான் வீடியோக்காரர்கள் "ஒத்துக்கிட்டார்" என்று ஆக்கிவிட்டார்கள்.

ஒரே சொடுக்கில் எடுத்த படமும் உண்டு. 1972 டிசம்பர் 7 அன்று அப்போலோ 17 விண்வெளி வீரர்கள் சுமார் 29,000 கி.மீ. தொலைவிலிருந்து பிலிம் கேமராவில் எடுத்தது. எல்லாப் பாடப்புத்தகத்திலும் வந்த படம்.

நமக்கு நெருக்கமான ஒன்று சொல்கிறேன். 2013 நவம்பர் 19 மதியம், செவ்வாய்க்குப் புறப்பட்ட இஸ்ரோவின் மங்கள்யான் இன்னும் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த நேரம். அதிலிருந்த வண்ணக் கேமரா கிட்டத்தட்ட 68,000 கி.மீ. உயரத்திலிருந்து பூமியை எடுத்தது. இந்தியா தெரிகிறது. வங்காள விரிகுடாவில் ஒரு புயல் சுழி தெரிகிறது. அது ஹெலன் புயல். மூன்று நாள் கழித்து 22-ஆம் தேதி மசூலிப்பட்டினம் பக்கம் கரையைக் கடந்தது. படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் சுமார் மூன்றரை கி.மீ. ஆகவே தாமிரபரணியைத் தேடாதீர்கள், கிடைக்காது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் சுப்பையா அருணன் நம் மாவட்டத்துக்காரர் என்பது கூடுதல் செய்தி.

சங்கரன்கோயில் சந்தேகம்:

வானிலைப் படத்துலேருந்து மேகத்த எடுத்து ஒட்டியிருக்கலாம்லா?

அம்பை டீச்சர்:

எந்த வானிலைப் படத்திலிருந்து? அப்படியென்றால் வானிலைச் செயற்கைக்கோள் படம் நிஜம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள். அதுவும் விண்வெளியிலிருந்து எடுத்த பூமிதான், இன்சாட் வரிசையில் ஏறத்தாழ 35,800 கி.மீ. உயரத்திலிருந்து.

காவல்கிணறு காத்து:

டீச்சர் சொல்லுதது சரி. 2023 டிசம்பர் 17, 18 மறந்துட்டியளா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. அந்த ரெண்டு நாளும் இன்சாட் படத்துல நம்ம தெக்கத்தி முனை மேல வெள்ளையா மேகக்கூட்டம் நகராம நின்னுச்சு. படம் கிராபிக்ஸ்னா, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுல நின்ன தண்ணி எதுவே?

இன்னொண்ணு. எங்க மொட்டை மாடில நின்னா மகேந்திரகிரி தெரியும். அங்க இஸ்ரோ ராக்கெட் எஞ்சின் டெஸ்ட் பண்ணுத நாள்ல சில சமயம் உறுமல் கேக்கும். மங்கள்யான் செவ்வாய் போய்ச்சேர கிட்டத்தட்ட 300 நாள் அந்தத் திரவ எஞ்சின் பத்தாமக் கிடந்துச்சு, மறுபடி பத்துமா பத்தாதான்னு ஊரே பேசிச்சு. 2014 செப்டம்பர் 22-ல 4 செகண்ட் பத்தவச்சுப் பாத்து, 24-ஆம் தேதி சுற்றுப்பாதைல சேத்தாங்க. எங்க ஊர்ப் பயலுவ காண்டிராக்ட் வேலைக்குப் போயிட்டு வாரான். அங்க ஒண்ணுமே நடக்கலன்னு எவனாவது சொன்னா கூட்டிட்டு வாங்க.

அம்பை டீச்சர்:

காவல்கிணறு தம்பி, ஆர்வம் புரிகிறது. ஆனால் உறுமல் கேட்டதும் வேலைக்குப் போய் வந்ததும் எஞ்சின் இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. படம் நிஜம் என்பதற்கு அது சாட்சி ஆகாது. எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொள்ளும். தாசில்தார் மாமாவிடம் இதை எடுத்து வைக்க வேண்டாம்.

காவல்கிணறு காத்து:

சரி டீச்சர். மழை பாயிண்ட் நிக்கும்லா?

அம்பை டீச்சர்:

அது நிற்கும்.

சங்கரன்கோயில் சந்தேகம்:

பூமிய விடுங்க. செவ்வாய், சனி பக்கம் நம்ம ஆள் யாரும் போய்ப் பாக்கல. போனது அவன் கேமரா, படமும் அவனே குடுக்கான், சரின்னு சொல்லுததும் அவனே. அடுத்தவன் சரிபாக்க வழி இருக்கா? அத மட்டும் சொல்லுங்க.

தென்காசி சாரல்:

அண்ணாச்சி, நான் இமேஜ் ப்ராசஸிங் வேலைல இருக்கேன், இதுக்கு நான் வாரேன்.

1966 பிப்ரவரி. சோவியத்தோட லூனா 9 நிலாவுல பத்திரமா இறங்கிருச்சு. அங்கேருந்து சிக்னல் வருது. இங்கிலாந்துல ஜோட்ரல் பேங்க்னு பெரிய ரேடியோ தொலைநோக்கி, பெர்னார்டு லவல் தலைமைல. அவங்க அந்த சிக்னலப் பிடிச்சுக் கேட்டா, பத்திரிகை ஆபீசுல படம் அனுப்புத பேக்ஸ் மெஷின் சத்தம் மாதிரியே இருக்கு. டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகைலேருந்து ஒரு மெஷின வரவழைச்சு மாட்டினாங்க. நிலாத் தரை படமா வந்து விழுந்துச்சு. சோவியத் வெளியிடுததுக்கு முன்னாடியே லண்டன் பேப்பர்ல வந்துருச்சு. அகல அளவு மட்டும் கொஞ்சம் பிசகியிருந்துச்சு, சரியான விகிதம் அவங்களுக்குத் தெரியாதுலா. பனிப்போர் உச்சத்துல, எதிராளி விண்கலத்தோட படத்த இவன் பிடிச்சுப் போடுதான். ரெண்டுபேரும் சேர்ந்து நாடகம் போட்டாங்கன்னு சொல்ல முடியுமா?

அடுத்தது நம்ம ஆள் கதை. 2019 செப்டம்பர்ல சந்திரயான் 2 விக்ரம் லேண்டர் விழுந்து நொறுங்கிச்சு. அதே மாசம் 17-ஆம் தேதி நாசாவோட நிலாச் சுற்றுக்கலம் அந்த இடத்த எடுத்த படத்த அப்படியே பொதுவுல போட்டுட்டாங்க. மதுரைக்காரர், சென்னைல இன்ஜினியரா இருந்த சண்முக சுப்பிரமணியன், வீட்டுல உக்காந்து பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்திருக்கார். முன்ன இல்லாத ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி. ஒரு புள்ளின்னா தரைல 1.3 மீட்டர். நாசாவுக்கு எழுதினார். அவங்க அடுத்தடுத்து எடுத்த படத்துலயும் பாத்து, டிசம்பர்ல அவர் பேரச் சொல்லி அறிவிச்சாங்க. லேண்டர் மோதின முக்கிய இடத்துலேருந்து அந்தத் துண்டு 750 மீட்டர் தள்ளிக் கிடந்துச்சு.

பொய்ப் படம் தயாரிக்கவன், நொறுங்கிப்போன இந்திய லேண்டரோட துண்ட ஒத்தப் புள்ளியா வரைஞ்சு வச்சிட்டு, யாரோ ஒரு தமிழன் கண்டுபிடிக்கட்டும்னு காத்திருப்பானா?

கொக்கிரகுளத்தான்:

இது மாமாகிட்ட நிக்கும். மதுரைக்காரர்னு சொன்னாலே பாதி ஜெயிச்ச மாதிரி.

சங்கரன்கோயில் சந்தேகம்:

சரி, இத ஏத்துக்கிடுதேன். ஆனா நிறம்? நிறத்துல மட்டும் நான் விடமாட்டேன். ஸ்கூல் புக்குல நெப்டியூன் கருநீலம். இப்ப அது கருநீலமே இல்லன்னு சொல்லுதாங்க. முப்பது வருஷத்துக்கு மேல பிள்ளைகளுக்குப் பொய்ப் படம் காட்டியிருக்காங்க.

தென்காசி சாரல்:

இங்கதான் அண்ணாச்சி உங்க பக்கமும் நியாயம் இருக்கு. விவரமாச் சொல்லுதேன்.

கோளுக்குப் போற கேமரால பெரும்பாலும் நம்ம போன் கேமரா மாதிரி நேரா கலர் வராது. சென்சார் வெளிச்ச அளவ மட்டும்தான் பதியும், அதாவது கறுப்பு வெள்ளை. முன்னால சிவப்பு, பச்சை, நீலம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புன்னு வடிகட்டிகள ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி எடுக்கும். தரைக்கு வந்ததும் சேர்ப்பாங்க. எந்தப் பட்டைய எவ்வளவு தூக்கி வைக்கதுங்கது சேக்கவன் கைல. இதுக்குக் காரணம் உண்டு. மீத்தேன் எங்க இருக்கு, இரும்புத் தாது எங்க இருக்குன்னு பாக்க தனித்தனிப் பட்டை வேணும். மங்கள்யான் கேமரா இதுக்கு விலக்கு. அதோட சென்சார்ல நம்ம போன் மாதிரியே மூணு நிறமும் கலந்து இருந்துச்சு.

இப்ப நெப்டியூனுக்கு வருவோம். நாசாவோட வாயேஜர் 2 கலம் அது பக்கத்துல போனது 1989 ஆகஸ்ட். மேகமும் பட்டையும் தெளிவாத் தெரியணும்னு கான்ட்ராஸ்ட் தூக்கி வெளியிட்டாங்க. அத அப்பவே குறிப்புல எழுதியும் இருந்தாங்க. ஆனா படம் புத்தகத்துக்கும் காலண்டருக்கும் போனப்ப குறிப்பு கழண்டு போச்சு. கருநீலம் மட்டும் மிஞ்சிச்சு. 2024 ஜனவரில ஆக்ஸ்போர்டு பாட்ரிக் இர்வின் குழு பழைய தரவ மறுபடி அளந்து, நெப்டியூனும் யுரேனசும் கிட்டத்தட்ட ஒரே வெளிர் பச்சை கலந்த நீலம்தான், நெப்டியூன் ஒரு சாயல் மட்டும் நீலம் கூடன்னு காட்டினாங்க. இதுல என் கருத்து: விண்வெளி நிறுவனங்களுக்கும் பாதிப் பொறுப்பு உண்டு. அழகான படத்த முன்னால தள்ளி, "இது நிறம் கூட்டினது"ங்கத சின்ன எழுத்துல வச்சா, ஒருநாள் இந்த மாதிரி வீடியோ வரத்தான் செய்யும்.

ஆனா ஏமாத்து வேலைன்னா ஒரிஜினல் எங்கயாவது ஒளிஞ்சிருக்கணும். இங்க ஒரிஜினல் தரவு பொதுவுலயே கிடந்துச்சு, வேற ஆள் எடுத்துத் திருத்தினாங்க.

செவ்வாய் வானமும் இதே கதைதான். நாசாவோட வைக்கிங் 1 கலம் அங்க இறங்கி 1976 ஜூலை 21-ல வந்த முதல் கலர் படத்துல வானம் நீலமா இருந்துச்சு. அவசரத்துல நம்ம பூமிக் கண்ணுக்குப் பழகின மாதிரி சேத்துட்டாங்க. பிறகு அளவு பாத்து, இளஞ்சிவப்பா மாத்தினாங்க. தூசி அவ்வளவு மிதக்குது. அதுக்கு அப்புறம் போன ரோவர்கள்ல நிறம் தெரிஞ்ச வண்ணச் சில்லுகள மாட்டி அனுப்புதாங்க. படத்துல அந்தச் சில்லு சரியா வந்தா மத்த நிறமும் சரி. ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ரோவர் படத்துல ஒரு நீலச் சில்லு இளஞ்சிவப்பாத் தெரிஞ்சதப் பிடிச்சுக்கிட்டு ஒரு கும்பல் அப்பவே கிளம்பிச்சு. விஷயம் என்னன்னா, சிவப்புக்குப் பதிலா அகச்சிவப்பு வடிகட்டி போட்டு எடுத்த படம் அது, அந்த நீல நிறமி அகச்சிவப்புல பளிச்சுன்னு இருக்கும். சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் மட்டும் செவ்வாய்ல சூரியனச் சுத்தி நீலமா இருக்கும். கியூரியாசிட்டி ரோவர் 2015 ஏப்ரல்ல எடுத்த படத்துல பாக்கலாம். நம்ம ஊருக்கு நேர் எதிர்.

பாளை ஸ்டுடியோ:

கலர் சார்ட் வச்சு எடுக்கது நாங்களும் செய்யுததுதான். கல்யாணப் பட்டுப்புடவை கலர் ஆல்பத்துல மாறி வந்துட்டா பொண்ணு வீட்டுக்காரங்க விடுவாங்களா? ட்யூப் லைட், மஞ்சள் பல்பு, வெயில், மூணுலயும் அரக்கு மூணு கலரா வரும். திருத்தாம ஒரு படமும் எங்க கடைய விட்டு வெளிய போறது கிடையாது.

அம்பை டீச்சர்:

சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 படத்தையும் மாமா பார்த்திருப்பார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். அதிலுள்ள ஒரு தொலைநோக்கி சூரியனை 200 முதல் 400 நானோமீட்டர் வரை, அதாவது புற ஊதாவில், 11 வடிகட்டிகளில் எடுக்கிறது. புற ஊதாவுக்கு நம் கண்ணில் நிறமே கிடையாது. ஆகவே 2023 டிசம்பரில் வெளியான அந்த வட்டங்களில் உள்ள நிறங்கள் நாம் கொடுத்தவை. எது நாம் கொடுத்த நிறம், எது அளந்த வெளிச்சம் என்று பிரித்துக் கேட்கப் பழகினால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

கொக்கிரகுளத்தான்:

கட்டம் மேட்டர் பாக்கி இருக்கு. அப்புறம் கார்ட்டூன்.

பாளை ஸ்டுடியோ:

கட்டம், படத்தச் சுருக்கிச் சேமிக்குத ஜேபெக் (JPEG) முறை பண்ணுத வேலை. படத்த 8-க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொண்ணையும் தனியாச் சுருக்கும். சும்மா கறுப்பா இருக்க கட்டத்துல ஒண்ணும் மிச்சமிருக்காது. பூமி விளிம்பு லேசாத் தட்டுன கட்டத்துல மட்டும் கொஞ்சம் அழுக்கு விழும். கறுப்புல இருக்கவரைக்கும் கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சத்தத் தூக்கினா படிக்கட்டு மாதிரி விளிம்பு வரும். நீங்களே செய்யலாம். ராத்திரி மாடில ஒரு பல்ப எரியவிட்டு போன்ல எடுங்க. வாட்ஸ்அப்புல அனுப்பித் திரும்ப இறக்குங்க. வெளிச்சத்த முழுசாத் தூக்குங்க. பல்பச் சுத்தி அதே கட்டம். பல்பு நிஜம்தான?

இதவிட நல்ல சாட்சி ஒண்ணு எனக்குப் பிடிச்சது. டிஸ்கவர்னு ஒரு கலம், 15 லட்சம் கி.மீ. தள்ளி நின்னு பூமிய எடுத்தது. 2015 ஜூலைல பூமிக்கு முன்னால நிலா கடந்து போனத எடுத்துச்சு. மூணு நிறமும் தனித்தனியா, கொஞ்ச கொஞ்ச நேரம் விட்டு எடுக்கது. அதுக்குள்ள நிலா நகந்துட்டு. சேத்தப்ப நிலாவோட வலது விளிம்புல மெல்லிசா பச்சைக் கோடு. ஓரத்துல நிறம் பிதுங்கிக்கிட்டு நிக்கு. இப்படி ஒரு படத்த என் கடைப் பையன் டிசைன் பண்ணிக் குடுத்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன். நகருத பொருள நிஜமா எடுத்தவன் கைலதான் இந்தக் கோடு விழும்.

தென்காசி சாரல்:

கார்ட்டூன் விஷயம் சீக்கிரம் முடிச்சிருதேன். 2023 ஆகஸ்ட் 23 சந்திரயான் 3 இறங்கும்போது திரையில ஓடுனது அனிமேஷன்தான், லேண்டர் அனுப்புத உயரம், வேகம், சாய்வ வச்சு ஓடுனது. வெளியில நின்னு லேண்டர வீடியோ எடுக்க அங்க ஆள் ஏது? நிஜப் படம் லேண்டர் கேமராலேருந்து பிறகு வந்துச்சு. நாசாவோட சுற்றுக்கலமும் நாலு நாள் கழிச்சு, 27-ஆம் தேதி, தரைல நிக்க விக்ரமத் (இந்த லேண்டருக்கும் அதே பேர்தான்) தன் கேமரால எடுத்துச்சு. பிரக்யான் ரோவர் எடுத்த விக்ரம் படம் கறுப்பு வெள்ளைங்கதாலயும் சிலர் பேசுனாங்க. வழி பாத்துப் போற கேமரா அது. பாறை எங்க, பள்ளம் எங்கன்னு தெரிஞ்சாப் போதும், கலர் வேண்டாம்.

சங்கரன்கோயில் சந்தேகம்:

எல்லாம் சரி. நானே கைவச்சுப் பாக்கணும்னா? இணையத்துல கிடைக்க படமெல்லாம் சேத்து முடிச்சதாத்தான இருக்கு.

தென்காசி சாரல்:

வியாழனச் சுத்துத ஜூனோ கலத்துல ஜூனோகேம்னு ஒரு கேமரா, பொதுமக்களுக்காகவே வச்சது. கலம் நிமிஷத்துக்கு ரெண்டு தடவ தன்னையே சுத்தும், அதனால படம் பட்டை பட்டையா வரும். திருத்தாத கோப்ப அப்படியே தளத்துல போடுவாங்க. நாம பாக்க அழகான வியாழன் படத்துல பாதி, நம்மள மாதிரி ஆளுக வீட்டு லேப்டாப்ல சேத்ததுதான். ஒரே கோப்ப பத்துப்பேர் சேத்தா பத்து விதமா நிறம் வரும், ஆனா சுழி அதே இடத்துலதான் இருக்கும்.

சந்திரயான் தரவு வேணும்னா இஸ்ரோவோட பிரதான் தளத்துல பேரு பதிஞ்சு எடுக்கலாம். கோப்பு பெரிசு, பொறுமை வேணும்.

நீங்க வெள்ளிலேருந்து தொடங்காதீங்க அண்ணாச்சி. வெள்ளியச் சுத்துன மெகல்லன் கலத்தோட படமெல்லாம் ரேடார் எதிரொலிய ஆரஞ்சா வரைஞ்சது. அதப் பாத்தா மறுபடி சண்டைக்கு வருவிய.

காவல்கிணறு காத்து:

போன்லயே நிலாவ எடுத்துக் காட்டினா மாமா நம்பமாட்டாவளா?

பாளை ஸ்டுடியோ:

அந்த வேலையே வேண்டாம். 2023-ல ஒரு பெரிய போன் கம்பெனி மாட்டிக்கிட்டு முழிச்சுது. ஒருத்தர் வேணும்னே மங்கலாக்கின நிலாப் படத்த கம்ப்யூட்டர் திரைல போட்டு அந்தப் போன்ல எடுத்தா, இல்லாத குழியெல்லாம் சேத்துக் குடுக்குது. போலிய நாசால தேடுதோம், அது நம்ம பைல இருக்கு. சின்னத் தொலைநோக்கில கண்ண வச்சுச் சனிய நேராப் பாக்கட்டும். அறிவியல் இயக்கத்துக்காரங்க அப்பப்ப கொண்டுவந்து காட்டுதாங்க.

கொக்கிரகுளத்தான்:

மழைப் படம், சண்முக சுப்பிரமணியன், பச்சைக் கோடு, மூணையும் குரூப்புல போட்டேன். மாமா பச்சைக் கோட்ட மட்டும் ரெண்டு தடவ விளக்கச் சொன்னாவ. இப்ப ஜூனோகேம் கோப்பு ஒண்ணு இறக்கிட்டேன். வெறும் கறுப்பு வெள்ளைப் பட்டையா அடுக்கி வச்சிருக்கு. இதுல எது சிவப்பு, எது நீலம்?

தென்காசி சாரல்:

மேலேருந்து வரிசையா நீலம், பச்சை, சிவப்பு, மறுபடி நீலம்னு திரும்பத் திரும்ப வரும். மீத்தேன் பட்டைய தனிக் கோப்பா வச்சிருப்பாங்க. மொதல்ல ஒவ்வொரு பட்டையையும் வெட்டி நிறவாரியாப் பிரிங்க, நிமித்துததுக்கு கணக்கு நாளைக்கு அனுப்புதேன்.